பால் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் ஊரிலிருந்து பால் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போன ஒரே ஆள் நான்தான். பிரசவ வலி வந்தவர்கள் ஆட்டோவில் போயிருக்கிறார்கள். பாம்பு கடித்தவர் ஒருவர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனார். பால் கேன்களுக்கு நடுவில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு போனவள் நான் மட்டும்தான். அதுவும் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது.

(விலங்கியல் படிக்கிறவளுக்கு மனுஷ உடம்பைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்க வேண்டாம். என் அத்தை அன்றைக்கே கேட்டுவிட்டார்.)

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். நைனா கையெழுத்து மட்டும் போடக் கற்றுக்கொண்டவர். அம்மாவுக்கு அதுவும் வராது. ஆகவே, காவாந்தண்டலத்துப் பக்கமிருந்து தினமும் பஸ் ஏறி, காஞ்சிபுரத்தில் கல்லூரிக்குப் போய் வந்த மூன்று வருஷமும் என் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது. வீட்டில் எல்லோரும் ‘கீது’ என்பார்கள். நான் ‘இருக்கிறது’ என்று முழுசாகச் சொல்வேன். பால் ஏன் பொங்குகிறது என்று யாரும் கேட்காதபோதே விளக்குவேன். விளக்கி முடிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டிருக்கும்.

கடைசி வருஷம் ஒவ்வொருவரும் ஒரு புராஜெக்ட் செய்து, ரெக்கார்டு எழுதி, மேடத்திடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் செய்முறைத் தேர்வில் உட்கார விடமாட்டார்கள். மற்ற வீட்டில் அதற்கு ஒரு வருஷம் போச்சு என்று பொருள். எங்கள் வீட்டில் படிப்பே போச்சு என்று பொருள். உத்திரமேரூர் மாப்பிள்ளை ஒருவரின் ஜாதகம் ஏற்கெனவே வந்து டிரங்குப் பெட்டியில் படுத்திருந்தது. நான் பாவாடை எடுக்கப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது.

புராஜெக்டுக்கு விஷயம் கொடுத்தவர் எதிர்வீட்டுக் கண்ணம்மா அக்கா. அரிசி மில்லில் தவிடு அள்ளுகிற வேலை அவருக்கு. தூசி போகாமலிருக்க மாஸ்க் கட்டச் சொல்லி மில்லில் கொடுத்தார்களாம். ஒரு நாள் கட்டிவிட்டு, மறுநாள் அதிலேயே தவிடு சலித்துக்கொண்டிருந்தார்.

“மூச்சு முட்டுது வளரு. நாலு நட நடந்தா போதும், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது” என்றார்.

இதை மேடத்திடம் சொன்னேன். அவருக்குப் பிடித்துப்போயிற்று. “மூச்சு முட்டுவது நிஜமா, முட்டுவதுபோல் தோன்றுகிறதா? பத்துப் பேரை லேசாக வேலை செய்யவிட்டு நாடியை எண்ணு. மாஸ்க் இல்லாமல் ஒரு தடவை, மாஸ்க்கோடு ஒரு தடவை. புதன்கிழமை என் மேஜைமேல் ரெக்கார்டு இருக்க வேண்டும்” என்றார்.

பரிசோதனைக்கு நான் தேர்ந்தெடுத்த இடம் பால் சொசைட்டி வாசல். அங்கே நீளமான சிமெண்டுப் படி ஒன்று இருந்தது. ஐந்து பேர் வரிசையாக நின்று ஏறி இறங்கலாம். காலையில் பால் ஊற்ற வருகிற பெண்கள் வண்டி வரும்வரை அங்கேதான் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பத்துப் பேரைப் பிடித்தேன். மூன்று நிமிஷம் படி ஏறி இறங்க வேண்டும், முடிந்ததும் நான் நாடியையும் மூச்சையும் எண்ணுவேன், அவ்வளவுதான்.

ஏறி இறங்குவதற்குத் தாளம் வேண்டும். கல்லூரியில் அதற்கு ஒரு கருவி இருந்தது. எங்களுக்கு சரோஜா அத்தை இருந்தார். நைனாவின் அக்கா. காலி கேன் மூடியை லிட்டர் அளவையால் தட்டுவதாக ஒப்புக்கொண்டார். ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் தட்டுவார். ஒரு நிமிஷம் போனதும் அவருக்கே உற்சாகம் வந்து, ஆடி மாசத்து அம்மன் கோயில் மேளமாகிவிடும்.

“அத்தை, ஒரே மாதிரி தட்டுங்கள்!”

“ஒரே மாதிரி தட்டுனா எவடி ஏறுவா? தூங்கிடுவாளுங்க.”

சனிக்கிழமை, மாஸ்க் இல்லாமல் முதல் சுற்று. எங்கள் பக்கம் பெண்ணின் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார்கள் என்றால் ஒரே ஒரு காரணம்தான். இது எனக்குத் தெரியாததல்ல, மறந்துவிட்டேன். முதல் கையைப் பிடித்ததுமே ஆரம்பித்தார்கள்.

“இன்னாடி சொல்லுது? பையனா, பொண்ணா?”

“தோ, அஞ்சு பேரன் எடுத்த கெழவி நானு. எனக்கும் பாத்து சொல்லு வளரு. இருந்துச்சுன்னா வூட்டுக்காரனை வூட்ட வுட்டு தொரத்தணும்.”

நான் சிரிக்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் சிரிக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். “பேசினால் நாடி மாறும். அமைதியாக இருங்கள்” என்றேன். அவர்கள் அமைதியானார்கள். அமைதியாகத் தோள் குலுங்கச் சிரித்தார்கள். எப்படியோ பத்துப் பேரின் எண்களும் நோட்டில் ஏறின.

அன்று மத்தியானம் நைனாவின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, இரண்டு மடிப்பாக மடித்து, பாவாடை நாடா வைத்துப் பதினோரு மாஸ்க் தைத்தேன். பத்து அவர்களுக்கு. ஒன்று எனக்கு, முன்மாதிரியாகக் கட்டிக்கொள்ள. தைத்து வைத்துவிட்டு, அறிமுகவுரை எழுத உட்கார்ந்தேன். (முடிவு தெரிவதற்கு முன்பே அறிமுகவுரையை எழுதிவிட்ட கெட்டிக்காரி நான். ‘ஏழை எளிய உழைக்கும் மகளிரின் அறியாமையைப் போக்கும் பொருட்டு’ என்று அது தொடங்கும். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். காரணம் போகப் போகத் தெரியும்.)

“மாஸ்க்கை மட்டும் ஒரு தண்ணியில் அலசிக் காயப் போடும்மா. ஒன்றை ரெக்கார்டில் ஒட்டி மேடத்திடம் காட்ட வேண்டும்” என்று அம்மாவிடம் சொன்னேன்.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா ஒரு மஞ்சள் பையைக் கொடுத்தார். மாஸ்க் பதினொன்றும் வெள்ளை வெளேரென்று, ஓரம் மடங்காமல், பள்ளிக்கூடத்து அட்டைகள்போல அடுக்கியிருந்தன. இரவு முழுக்க டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்து அமுக்கியிருக்கிறார். மாப்பிள்ளையின் ஜாதகம் அவற்றின்மேல்தான் படுத்திருந்தது. கையில் எடுத்தால் மொறமொறவென்றது. எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. எங்கள் வீட்டில் என் துணி எல்லாமே அப்படித்தான் மொறமொறக்கும். நான் நடந்தால் பாவாடை தனியாக ஒரு சத்தம் போட்டுக்கொண்டு பின்னால் வரும்.

முதல் ஐந்து பேர் படியில் நின்றார்கள். கண்ணம்மா அக்கா முதல் ஆள். நானும் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு நைனாவின் கடிகாரத்தைப் பார்த்தேன். அத்தை தட்டினார்.

ஒரு நிமிஷம் ஆவதற்குள் கண்ணம்மா அக்கா கையை ஆட்டினார்.

“அம்மாடி, மூச்சு வரல வளரு.”

“பேசாதீங்கக்கா. கணக்கு கெட்டுவிடும்.”

“கணக்கு கெடாது, நான்தான் கெட்டுப்பூடுவேன்.”

“இன்னும் இரண்டே நிமிஷம்!”

ஒருவர் பின் ஒருவராக எல்லோருக்கும் மாஸ்க் உள்ளே இழுக்கப்பட்டு மூக்கோடு ஒட்டிக்கொண்டது. பிறகு வெளியே வரவில்லை. ஐந்து பேர் கண்ணும் பெரிதாகிக்கொண்டே போயிற்று. அத்தையின் மேளம் வேறு உச்சத்துக்குப் போய்விட்டது. மூன்று நிமிஷம் முடிந்து கையைப் பிடித்தால், நாடி குதிரைபோல ஓடுகிறது. நேற்றைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. மூச்சும் அப்படித்தான்.

ஐந்து பெண்கள் காற்றுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது எனக்குள் ஏற்பட்டது இரக்கம் அல்ல, சந்தோஷம். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை. நான் ஏதோ கண்டுபிடித்துவிட்டேன். லேசாகப் படி ஏறினாலே மாஸ்க் இதயத்தை இந்தப் பாடு படுத்துகிறது! பேப்பரில் என் பெயர் வருவதுவரை கனவில் போய்விட்டேன். ஐந்து பேரின் எண்களையும் அழகாக எழுதி, கீழே கோடு போட்டுவிட்டுத்தான், “இப்போது அவிழ்க்கலாம்” என்றேன்.

அவிழ்த்தார்கள். ஐந்து பேருக்கும் உதடு நீலம். மூக்கு நுனி நீலம். கண்ணம்மா அக்காவுக்கு மோவாய்வரை நீலம்.

இரண்டு வாரத்துக்கு முன்புதான் வகுப்பில் நடத்தியிருந்தார்கள். இரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் முதலில் உதடு நீலமாகும், உடனே கவனிக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. அந்தப் பக்கத்தில் நான் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருந்தேன்.

“யாரும் அசையாதீங்க! எல்லாரும் படுங்க! உயிருக்கு ஆபத்து!” என்று கத்தினேன். மாஸ்க்குக்குள்ளிருந்து கத்தியதால் யாருக்கும் புரியவில்லை. மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி கத்தினேன். அடுத்த முறைக்குக் காத்திருந்த ஐந்து பேர் ‘ஆபத்து’ என்ற சொல்லைக் கேட்டதும் பால் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டார்கள். நீல உதட்டுக்காரர்கள் ஐந்து பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, அங்கேயே நின்றார்கள்.

அத்தை அளவையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏண்டி, அவளுங்களை சொல்றியே, உன் ஒதடும்தான் நீலமா கீது.”

விரலால் உதட்டைத் தொட்டேன். அது மரத்துப்போயிருப்பதாகத் தோன்றியது. கால் இரண்டும் இல்லாமல் போயின. மூன்று வருஷமாக நான் சேர்த்து வைத்திருந்த முழு வாக்கியங்களும் கூடவே போயின.

“அத்த, எனக்கு இன்னாமோ பண்ணுது” என்று சொன்னதுதான் கடைசியாக நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது கேன்களுக்கு நடுவில் இருந்தேன். சாகக் கிடந்ததாக நான் அறிவித்த ஐந்து பெண்கள்தான் என்னைத் தூக்கி வண்டியில் போட்டிருக்கிறார்கள். கண்ணம்மா அக்கா தலையை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். செய்தி கேட்டு ஓடி வந்த அம்மாவும் ஏறியிருந்தார். அத்தை முன்னால் டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“பால் திரிஞ்சுதுன்னா யார்மா பதில் சொல்றது? ரூட்டு மாறிப் போய்க்கினு கீறேன்.”

“பி.எஸ்சி. படிக்கிற பொண்ணுய்யா! பாலு நாளைக்கும் கறக்கும். ஓட்டு!”

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை என்பதால் நர்ஸ் ஒருவர் மட்டும் இருந்தார். வாயெல்லாம் நீலமாக ஐந்து பெண்கள், வாயெல்லாம் நீலமாகத் தூக்கி வரப்பட்ட ஒருத்தி. அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“என்னம்மா குடிச்சீங்க எல்லாரும்?”

“குடிக்கல சிஸ்டர்” என்றேன் படுத்தபடியே. “பிராணவாயு குறைவு. எங்களுக்கு உடனே ஆக்சிஜன்...”

அவர் என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். பிறகு பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் உதட்டை ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்தார். பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பஞ்சு நீலம். என் உதடு, அத்தை உடனே அறிவித்தபடி, “பழையபடி கறுப்புதான் கீது.”

“இது துணிக்குப் போடற நீலம்மா” என்றார் நர்ஸ்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம்.

“ஆமாம்மா” என்றார் அம்மா, விஷயம் புரியாமல், கொஞ்சம் பெருமையாகவே. “வேட்டி சேத்துல உழைச்ச வேட்டி. பழுப்பா கீது. காலேஜு மேடம் பாக்கப்போற துணி ஆச்சேன்னு ரெண்டு பொட்டலம் நீலம் போட்டேன். வடிகஞ்சி நல்லா கெட்டியா வெச்சு, ரெண்டு தபா முக்கி எடுத்தேன்.”

சங்கதி அவ்வளவுதான். இரண்டு மடிப்புத் துணியும் கஞ்சியில் ஒட்டி ஒரே அட்டையாகியிருக்கிறது. மூச்சின் ஈரம் பட்டதும் கஞ்சி ஊறிப் பசையாகி, காற்று போகிற வழியை அடைத்துவிட்டது. ஊறிய கஞ்சியோடு நீலமும் உதட்டுக்கு வந்துவிட்டது. நாங்கள் அன்று கட்டியிருந்தது மாஸ்க் அல்ல. போஸ்டர்.

முதலில் சிரித்தது கண்ணம்மா அக்கா. பிறகு நர்ஸ். பிறகு ஐந்து பேரும், டிரைவரும். சிரிப்பு அடங்குகிற நேரத்தில் நான் எழுந்து உட்கார்ந்து அம்மாவைப் பார்த்துக் கத்தினேன்.

“உனக்கு யார் கஞ்சி போடச் சொன்னது? ஒரு எழவும் தெரியாது. என் படிப்பையே கெடுத்துட்ட!”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் வாயில் நீலம் இல்லை, பொத்துவதற்கு வேறு காரணம் இருந்தது.

பதில் சொன்னவர் அத்தை. “அவ படிக்காதவ, கஞ்சி போட்டா. நீ படிச்சவ. கையில வாங்கின இல்ல? மூஞ்சில கட்டிக்கின இல்ல? மொறமொறன்னு கீதேன்னு தொட்டுப் பாக்கறதுக்கு எந்தக் காலேஜுல சொல்லித் தரணும்?”

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் எங்கள் குடும்பத்தின்மேல் இரக்கப்பட்டோ என்னவோ, பேச்சை மாற்றினார். “உடம்புக்கு ஒண்ணுமில்ல. பயந்துட்டிருக்கா. நாடிதான் இன்னும் ஓடிட்டிருக்கு” என்று எண்ணைச் சொன்னார். என் நோட்டில் இருந்த எல்லா எண்ணையும்விட அது அதிகம்.

“நோட்டுல எய்திக்கோ” என்றார் அத்தை. “படியே ஏறாதவளுக்குத்தான் ஜாஸ்தி.”

திரும்பி வரும்போது வண்டி கிடைக்கவில்லை. எல்லோரும் நடந்தோம். புதன்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. பத்துப் பேரில் ஐந்து பேர் ஓடிவிட்டார்கள். மீதி ஐந்து பேரைக் கேட்க எனக்கு வாய் இல்லை. போய்க் கேட்டாலும் எந்தப் பெண் இனி என் கையால் மாஸ்க் வாங்கிக் கட்டுவாள்? டிரங்குப் பெட்டியில் ஜாதகம் சௌகரியமாகப் புரண்டு படுப்பது தெரிந்தது.

வழியில் அம்மா பக்கத்தில் வந்தார். “வெந்நீர்ல போட்டு அலசினா கஞ்சி பூடும் இல்ல?” என்று கேட்டார்.

“போகும்” என்றேன். கொஞ்ச தூரம் போன பிறகு, “நான்தான் பாக்கலம்மா” என்றேன். 

அன்று சாயங்காலம் அம்மா பதினொன்றில் பத்தை வெந்நீரில் மூன்று தடவை அலசினார். ஒன்றை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன், ஏன் என்று தெரியாமலே. திங்கட்கிழமை காலை பால் சொசைட்டிக்கு அம்மா எனக்கு முன்பே போய்விட்டார். நான் போனபோது ஓடிப்போன ஐந்து பேரும் பாத்திரத்தோடு தள்ளி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மாஸ்க் கட்டிக்கொண்டு படியில் தனியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அத்தை தட்டிக்கொண்டிருந்தார், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரே சீராக. மூன்று நிமிஷம் முடிந்ததும் அம்மா மாஸ்க்கை அவிழ்த்து, உதட்டைப் புறங்கையால் அழுத்தித் துடைத்து, கையை எல்லோருக்கும் காட்டினார்.

“பாத்துக்குங்க. ஒண்ணும் ஒட்டல. என் பொண்ணு ஒண்ணும் தப்பு பண்ணல. கஞ்சி நான் போட்டது.”

கண்ணம்மா அக்கா பாத்திரத்தை வைத்துவிட்டு வந்தார். “இன்னாத்துக்கு நிக்கறீங்க? ஒரு தபா செத்துப் பாத்தாச்சு. வாங்கடி.”

அம்மா அவிழ்த்ததையும் சேர்த்துப் பத்து மாஸ்க்கையும் கட்டிக்கொண்டு பத்துப் பேரும் ஏறினார்கள். அம்மாவோடு பதினொன்று.

அந்த எண்கள்தான் கடைசியில் ரெக்கார்டில் ஏறின. அவற்றில் அதிசயம் எதுவும் இல்லை. சுத்தமான, காற்றுப் புகுகிற துணி என்றால், மூன்று நிமிஷம் படி ஏறுகிற வேலைக்கு நாடி கிட்டத்தட்ட மாஸ்க் இல்லாதபோது இருந்த அளவுதான். சிலருக்கு ஒன்றிரண்டு கூட. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: உள்ளே காற்று சூடாக இருக்கிறது, வாயைச் சுற்றி வேர்க்கிறது, அரிக்கிறது, கூடுதலாக மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கிறது. நாடி அதை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் அவர்களுக்கு அப்படித்தான் இருந்தது. கண்ணம்மா அக்கா சொன்னது பொய்யும் இல்லை, ஆபத்தும் இல்லை. மாஸ்க்கை எடுத்தெறிய ஒரு பெண்ணுக்கு அந்தச் சூடே போதும். இதை அப்படியே எழுதினேன். அறிமுகவுரையில் ‘அறியாமையைப் போக்கும் பொருட்டு’ இருந்த பக்கத்தை அன்றுதான் கிழித்தேன்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ரெக்கார்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றார். அங்கே இரண்டு மாஸ்க் ஒட்டியிருந்தது. ஒன்று தொளதொளவென்று. இன்னொன்று நீலம் பாய்ந்து, விறைப்பாக.

“இது எதற்கு இரண்டு?”

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் பக்கத்தில் நின்ற மேடம் “சொல்லும்மா” என்றார். சொன்னேன். வடிகஞ்சி, நீலம், மேளம், பால் வண்டி, என் நாடி எல்லாவற்றையும் சொன்னேன். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “துணியைப் பொறுத்துத்தான் மாஸ்க் என்று எழுதியிருக்கிறாய். நிரூபணமும் ஒட்டியிருக்கிறாய். போ” என்றார். நல்ல மதிப்பெண்தான் போட்டார்.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். வீட்டில் நான் எதையாவது கொஞ்சம் உரக்க விளக்க ஆரம்பித்தால் போதும், அத்தை முந்தானை நுனியை எச்சிலில் நனைத்துக்கொண்டு வருவார். “ஒதட்ட காட்டுடி.” என் நிச்சயதார்த்தத்தின்போது (அந்த ஜாதகம் அல்ல, வேறு ஜாதகம்) மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே இதைச் செய்தார். கண்ணம்மா அக்கா மில்லில் மாஸ்க் கட்டுகிறார். புதுசு எதைக் கொடுத்தாலும் முதலில் விரலால் சுண்டிப் பார்ப்பார்.

கல்லூரியிலிருந்து திரும்பி வந்த ரெக்கார்டு ஜாதகம் இருந்த பெட்டியில் இருக்கிறது. வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மா அதை எடுத்து வருவார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பக்கம் மட்டும் சரியாகத் திறக்கும். இத்தனை வருஷத்தில் தொளதொள மாஸ்க் நைந்து, நாடா அறுந்து தொங்குகிறது. மற்றது அப்படியே நிற்கிறது. அம்மா அதைச் சுண்டிக் காட்டுவார். டக்கென்று சத்தம் வரும்.

“பாரு, இன்னும் மொறமொறப்பு போவல” என்பார்.

நான் விளக்கம் எதுவும் சொல்வதில்லை.